ஈரச் சுவரும் இருவர் கடமையும்

(கழகத்தின் வெள்ளி விழாச் சொற்பொழிவு வரிசையில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா மேடையில் பழம் பெருமை பேசுவதும் வருங்காலத்தைக் குறித்துக் கனவு காண்பதும் வழக்கம். "கல்வியைப் பற்றி ஏதேனும் பேசுங்கள்" என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டபோது, நாம் தேர்ந்துகொண்ட பொருள் வாடகை வீட்டுக் குளியலறைச் சுவரில் படரும் பூசணம் என்பதை அறிந்து சிலர் நகைத்தனர். நகைப்பு நியாயமே. ஆயினும் இந்தக் கழகம் பிறந்ததே ஒரு வாடகை அறையில் என்பதை இங்குள்ள முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அந்த அறையின் பின்சுவரில் ஐப்பசி பிறந்தால் ஈரம் ஏறும். சுவரோடு பதித்த கரும்பலகையில் சுண்ணக்கட்டி எழுதாது. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்கள் கரும்புள்ளி விழுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அன்று நாம் அந்தச் சுவரைப் பற்றி வீட்டுக்காரரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் இடத்தைக் காலிசெய்யச் சொல்லிவிடுவார் என்ற அச்சமே காரணம். அந்த மௌனத்தைப் பற்றியதே இன்றைய பேச்சு.

நம் ஊர் நீரால் சூழப்பட்ட ஊர். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. இரண்டுக்கும் நடுவே திருவரங்கத் தீவு கிடக்கின்றது. தென்கரையில் உய்யக்கொண்டான் வாய்க்கால் நகரின் ஊடே ஓடுகின்றது. கோரையாறு பக்கத்தில் வந்து சேர்கின்றது. 1977 நவம்பரில் திருச்சி நகரத்துக்குள் புகுந்த வெள்ளத்தையும், 2005ஆம் ஆண்டின் வெள்ளத்தையும் கண்ணால் கண்டவர்கள் இந்த அவையில் பலர் இருக்கின்றீர்கள். வெள்ளம் வந்து வடிந்துவிடும். மண்ணுக்குள் நிற்கும் நீர் அவ்வாறு வடிவதில்லை. ஆற்று மணலின்மேல் அமைந்த ஊரில், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் வீட்டு அடித்தளத்தைத் தொட்டுக்கொண்டே நிற்கும்.

திருவரங்கத்தின் பழைய வீடுகளைப் பாருங்கள். குறுகிய முகப்பு, நீண்ட உடல், இரு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். காற்றும் வெளிச்சமும் நடு முற்றத்தின் வழியே வரும். சுண்ணாம்புக் காரையால் பூசிய சுவர் ஈரத்தை உறிஞ்சும். வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். நீராடும் இடமோ கொல்லைப்புறத்தில், கிணற்றடியில் இருந்தது. இன்று அந்த வீடுகள் பல நான்காகவும் ஐந்தாகவும் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்படுகின்றன. முற்றம் மூடப்பட்டது, கொல்லைக் குளியல் வீட்டுக்குள் வந்தது, சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டுப் பூச்சும் அதன்மேல் ஓடும் ஒட்டப்பட்டன. உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி மேலும் மேலும் ஏறுகின்றது. பாலக்கரையிலும் வரகனேரியிலும் உறையூரிலும் நம்மவர் குடியிருக்கும் சிறு வீடுகளின் நிலையும் இதுவே. படிக்கட்டின் அடியில் ஆறடிக்கு நான்கடியில் ஒரு குளியலறை. அதற்கு ஒரு கையகல வெண்டிலேட்டர். அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்து நிற்கும்.

பூசணம் என்பது யாது? அது வெறும் அழுக்கன்று, உயிர். அதன் கண்ணுக்குத் தெரியாத வித்துத் தூள் எங்கும் காற்றில் மிதந்துகொண்டே இருக்கின்றது. அது வேரூன்ற வேண்டுவன இரண்டே. ஒன்று, தின்பதற்குச் சிறிது பொருள்: சோப்புப் படலம், பெயிண்ட், மரம், தூசு எதுவாயினும் போதும். மற்றொன்று ஈரம். ஒன்றிரண்டு நாள் ஈரம் தொடர்ந்து நின்றாலே அது முளைத்துவிடும். முதலாவதை எந்த வீட்டிலும் அடியோடு நீக்க இயலாது. ஆகவே பூசணத்தை ஒழிப்பது என்பது ஈரத்தை ஒழிப்பதே. பிளீச்சிங் பவுடரால் தேய்த்தால் கறை மறையும். ஈரம் நிற்கும்வரை பத்து நாளில் மீண்டும் முளைக்கும். மேலே பெயிண்ட் அடித்தால் அந்தப் பெயிண்டையே உணவாக்கிக்கொண்டு வளரும்.

இதனால் விளையும் கேடு அழகுக் கேடு மட்டுமன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வீட்டு ஈரத்தையும் பூசணத்தையும் குறித்துத் தனியே ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோர்க்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா ஆகியவை மிகுதியாகக் காணப்படுகின்றன என்பது அதன் முடிபு. குழந்தைகளும் முதியோரும் முன்பே இளைப்பு நோய் உள்ளோரும் பெரிதும் துன்புறுவர். கல்விக் கழகத்தின் மேடையில் இதைப் பேசுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமோ?

நம் மாலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். நன்கு படிப்பவள். ஐப்பசி முதல் தை வரை அவள் பள்ளிக்கு வராத நாள்களே மிகுதி. விசாரித்ததில், இரவெல்லாம் இளைப்பு என்றார் தாயார். தீவில் ஒரு பழைய வீட்டின் பின்பகுதியில் அவர்கள் குடியிருந்தனர். குழந்தை படுக்கும் சுவருக்கு அந்தப் புறம் குளியலறை. அதன் மூலையில் தரையிலிருந்து ஆள் உயரத்திற்குக் கரும்பூசணம் படர்ந்திருந்தது. தாயார் வாரந்தோறும் அதைத் தேய்த்துக் கழுவி வந்திருக்கின்றார். வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு முறை வாய்மொழியாகச் சொன்னபோது கிடைத்த விடை, "உங்கள் ஆட்கள் தண்ணீரைக் கொட்டிப் புழங்குகின்றீர்கள், எங்கள் வீட்டில் இப்படி வந்ததில்லையே" என்பது. அதன்பின் அந்த அம்மையார் வாய் திறக்கவில்லை. அந்த வீடு கிடைப்பதற்கு முன் ஐந்து மாதம் தெருத் தெருவாக அலைந்தவர்கள் அவர்கள்.

"உங்கள் ஆட்கள்" என்ற அந்தச் சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வாடகைக்கு வீடு தேடும் நம் பிள்ளைகளிடம் முதலில் ஊரையும், பிறகு தெருவையும், பிறகு உணவையும் கேட்பது ஏன் என்பது நாம் அறியாததன்று. அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டில் கற்றுத் திரும்பி, 1917இல் பரோடா அரசின் பணியில் சேரச் சென்றபோது, தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. தம்மை இன்னாரென்று மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். சில நாள்களில் தடி ஏந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்துவிட்டு அன்றிரவே பம்பாய்க்கு ரயிலேறினார். பெற்ற பட்டங்கள் ஓர் அறையைப் பெற்றுத் தரவில்லை. தீண்டாமையின் பேரால் எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதைத் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் வந்தபின்னும் அச்சம் மிஞ்சி நிற்கின்றது. அரும்பாடுபட்டுக் கிடைத்த வீட்டில் ஒரு குறையைச் சொல்ல நா எழுவதில்லை. ஈரச் சுவரின் பின்னே நிற்கும் உண்மையான ஈரம் இதுவே.

இனி, அந்த வீட்டில் நடந்ததைச் சொல்கின்றோம். நம் கழக உறுப்பினரான கொத்தனார் ஒருவரை உடன் அழைத்துச் சென்றோம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். மாடித் தொட்டியில் நீர் நின்ற மட்டத்திற்கு ஒரு கோடு போட்டார். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, காலையில் மீண்டும் பார்க்கச் சொன்னார். யாரும் ஒரு சொட்டும் எடுக்காத அந்த இரவில் தொட்டி நீர் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. சுவருக்குள் புதைத்த குழாயில் ஒழுக்கு! "கொட்டிப் புழங்கியவர்" யார் என்பது விளங்கிவிட்டது.

ஆகவே, ஈரத்தின் பிறப்பிடம் அறிந்தாலன்றிப் பொறுப்பு யாருடையது என்று கூறலாகாது. ஈரம் நான்கு வழியில் வரும். முதலாவது, மேலிருந்து வருவது: மாடித் தளத்தின் வெடிப்பு, அல்லது மேல்வீட்டுக் குளியலறையின் கசிவு. கூரை மூலையில் வட்ட வட்டமாகக் கறை படிவது அதன் அடையாளம். இரண்டாவது, சுவருக்குள்ளிருந்து வருவது: புதைகுழாயின் ஒழுக்கு. மழையிலும் வெயிலிலும் ஒரே இடம் நனைந்திருப்பது அடையாளம். மூன்றாவது, நிலத்திலிருந்து ஏறும் ஓதம். தரையிலிருந்து இரண்டடி, மூன்றடி உயரம்வரை பூச்சு பொரிந்து வெள்ளை உப்புப் பூத்திருக்கும். நான்காவது, உள்ளிருந்து எழுவது: குளிக்கும் நீரின் ஆவி வெளியேற வழியின்றிச் சுவரிலும் கூரையிலும் படிவது. இது எங்கும் பரவலாகப் புள்ளி புள்ளியாகத் தோன்றும்.

இவற்றைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்றுண்டு. சுவரைத் துணியால் நன்கு துடைத்து, முழங்கை நீளப் பாலித்தீன் தாள் ஒன்றை நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம், சுவரை ஒட்டி, முத்து முத்தாக நீர் நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகின்றது. வெளிப்புறத்தில் மட்டும் நீர் படிந்திருந்தால் அறையின் காற்றிலிருந்து வருகின்றது. பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடலாம்.

இனிச் சட்டம் கூறுவதைக் காண்போம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. நமக்கு ஈண்டு வேண்டுவது அதன் இரண்டாம் அட்டவணை. பழுதுகளை அது இரண்டாகப் பகுத்துத் தருகின்றது.

கட்டடத்தின் உறுப்புகளில் நேரும் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வர்ணம் பூசுதல், வேண்டும்போது குழாய்களை மாற்றுதல், மின்கம்பிகளை மாற்றுதல் ஆகியவை உரிமையாளர் பங்கு. வாடகைதாரரே கெடுத்த கட்டடப் பழுது மட்டும் விலக்கு. குழாய் வாஷரையும் குழாய்த் திருகையும் மாற்றுதல், சாக்கடைத் துவாரத்தைச் சுத்தம் செய்தல், கழிப்பறைக் கோப்பை, கைகழுவும் தொட்டி, வெந்நீர்க் கருவி ஆகியவற்றைப் பழுது பார்த்தல், தாழ்ப்பாள், கண்ணாடி முதலியவற்றை மாற்றுதல் வாடகைதாரர் பங்கு.

பூசணம் என்ற சொல் அட்டவணையில் இல்லை. ஆனால் ஈரம் வரும் நான்கு வழிகளையும் அட்டவணையோடு ஒட்டிப் பார்த்தால் விடை தானே கிடைக்கின்றது. மாடித் தளக் கசிவும், புதைகுழாய் ஒழுக்கும், அடித்தள ஓதமும் உரிமையாளர் கணக்கு. குழாய்த் திருகு இரவும் பகலும் சொட்டுவதும், தரைத் துவாரம் முடி அடைத்து நீர் தேங்குவதும் குடியிருப்போர் கணக்கு. நான்காவதான ஆவி ஈரமே வழக்குக்கு இடமானது. வெளிக்காற்றுக்குத் திறக்கும் சாளரமே இல்லாத குளியலறையைக் கட்டி வாடகைக்கு விட்டவர், "நீங்கள் குளிப்பதால்தான் ஈரம்" என்பது முறையன்று. குளிப்பதற்கென்றே அமைந்த அறை அது. சாளரம் இருந்தும் அதை அடைத்து வைத்தவர், "வீடு மோசம்" என்பதும் முறையன்று.

இதையும் ஒளிக்காமல் கூறுகின்றோம். பாலக்கரைப் பக்கம் நம்மவர் வீடு ஒன்றில் பூசணத்திற்குக் காரணம் தேடிச் சென்றபோது, வெண்டிலேட்டர் சாக்குத் துணியும் அட்டையும் திணித்து அடைக்கப்பட்டிருந்தது. உள்ளே கொடி கட்டி ஈரத்துணி உலர்த்தியிருந்தனர். காரணம் கேட்டால், எதிர்மாடியிலிருந்து பார்வை விழுகின்றது என்றார் அந்த வீட்டுப் பெண்மணி. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. வெளிப்புறம் கீழ்நோக்கிச் சாய்ந்த தகடுகள் பொருத்தினோம். பார்வை மறைந்தது, காற்று வந்தது. குறை யாருடையது என்று அறிவதற்கு முன் கடிதம் எழுதப் புறப்பட்டிருந்தால் நாமே வெட்கியிருப்போம்.

குடியிருப்போர் கடமையை முதலில் சொல்லிவிடுவோம். குளித்தபின் தரைநீரைத் துடைப்பத்தால் தள்ளிவிடுதல், கதவையும் சாளரத்தையும் சிறிது நேரம் திறந்து வைத்தல், தரைத் துவாரத்தை வாரம் ஒருமுறை எடுத்துக் கழுவுதல், ஒழுக்கைக் கண்டவுடன் தெரிவித்தல். பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கலாகாது. வித்து காற்றில் பரவும். மூக்கை மூடிக்கொண்டு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஒன்றை மட்டும் நம் தாய்மார்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டும்: பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிடையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். அவற்றிலிருந்து குளோரின் நச்சுவாயு எழும். காற்றில்லாத சிற்றறையில் அது உயிருக்கே இறுதியாகலாம்.

அடுத்து, உரிமையாளர் கடமை தவறினால் செய்யத்தக்கது. வாய்மொழி காற்றோடு போகும். தேதியிட்டுக் கடிதம் எழுதுங்கள்; ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள்; படி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் சுவரைப் படம் பிடித்து வையுங்கள். உரிய பழுதைச் செய்ய உரிமையாளர் மறுத்தால், வாடகைதாரரே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்பது இந்தச் சட்டத்தின் விதி. எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கலாகாது. வாடகை 6,000 ரூபாய், குழாய்ச் செலவு 7,500 ரூபாய் என்று கொள்வோம். முதல் இரு மாதம் 3,000 வீதமும், மூன்றாம் மாதம் 1,500 ரூபாயும் கழிக்கலாம். ரசீதுகளை இழக்கலாகாது. வீடு வாழவே தகுதியற்றுப்போய், எழுதிக் கேட்டும் உரிமையாளர் சீர்செய்ய மறுத்தால், 15 நாள் எழுத்து மூலம் அறிவித்துவிட்டு வெளியேறலாம்.

இந்தக் கழிப்பு உரிமை புதியதன்று. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவிலேயே இதன் வித்து உண்டு. அதே பிரிவு வேறொன்றும் கூறுகின்றது. குடிவருவோர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க இயலாத பெருங்குறை ஒன்று தமக்குத் தெரிந்திருந்தால், உரிமையாளர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். பூசணத்தின்மேல் புதுப் பெயிண்ட் அடித்துச் சித்திரை வெயிலில் வீட்டைக் காட்டி முன்பணம் வாங்குவது எத்தகைய செயல் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முன்பணத்தைப் பற்றியும் ஒரு சொல். மாறான உடன்படிக்கை இல்லாவிடில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்கின்றது 2017ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டைக் காலிசெய்யும்போது "வெள்ளையடிக்க" என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. வெள்ளையடிப்பதை அட்டவணை உரிமையாளர் பங்கில் வைத்திருக்கின்றது. இயல்பான தேய்மானத்திற்கு வாடகைதாரர் பொறுப்பல்லர். ஆனால் கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கின்றது என்று படித்துப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? கல்வியின் பயன் தேர்வுத் தாளோடு முடிவதன்று.

"கடிதம் எழுதினால் தண்ணீரை நிறுத்திவிடுவாரே, வெளியே தள்ளிவிடுவாரே" என்பீர்கள். குடிநீர், மின்சாரம், சுகாதார வசதி ஆகியவற்றை நிறுத்துவதை இந்தச் சட்டம் தடைசெய்கின்றது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். வெளியேற்றுவதற்கு வாடகை நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். எனினும், ஒப்பந்தக் காலம் முடிந்தபின் புதுப்பிக்க மறுப்பதைச் சட்டம் தடுப்பதில்லை. அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சொந்தமான குடியிருப்புகளுக்கு இந்தச் சட்டம் பொருந்துவதும் இல்லை. வாரியக் குடியிருப்பிலும் மாநகராட்சிக் குடியிருப்பிலும் வாழும் நம்மவர் ஒன்றுசேர்ந்து மனு எழுதுவதே வழி. சட்டத்தின் வலிமையை அறிவதுபோலவே அதன் எல்லையையும் அறிந்திருப்பது நன்று.

இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், சமூக வீட்டுவசதி நிறுவனம் ஒன்றின் வாடகைக் குடியிருப்பில், சூடானிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம் வாழ்ந்தது. சமையலறையிலும் குளியலறையிலும் பூசணம். தந்தை 2017 முதலே முறையிட்டார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுமாறு விடை கிடைத்தது. அவர்களுடைய குளிக்கும் முறையே காரணம் என்றுகூட நிறுவனத்தார் எண்ணினர். 2020 டிசம்பரில் அந்த வீட்டின் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இறந்தது. பூசணம் நிறைந்த வீட்டில் நெடுநாள் வாழ்ந்ததால் நேர்ந்த மூச்சு நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புரைத்தார். நாடே கலங்கியது. 2023இல் வந்த சட்டத்தில் அக்குழந்தையின் பெயராலேயே வழங்கும் விதி சேர்க்கப்பட்டு, 2025 அக்டோபர் 27 முதல் சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்தது. உடனடி ஆபத்தை 24 மணி நேரத்திலும், கடும் ஈரத்தையும் பூசணத்தையும் 10 வேலை நாளுக்குள் ஆய்ந்து, அடுத்த 5 வேலை நாளிலும் சரிசெய்ய வேண்டும் என்பது அந்த விதி. "உங்கள் புழக்கம்" என்று திருவரங்கத்தில் ஒரு தாய் கேட்ட சொல்லும், ராச்டேலில் ஒரு தந்தை கேட்ட சொல்லும் ஒன்றே அல்லவா? சுவரின் குறையை மனிதர்மேல் ஏற்றுவது எளிது. அந்த மனிதர் எளியவரானால் இன்னும் எளிது.

வாடகைதாரர் பங்கில் "சாக்கடைச் சுத்தம்" என்ற சொல் வருவதைக் கண்டோம். அது வீட்டுக்குள் இருக்கும் துவாரத்தையும் குழாயையும் பற்றியது. கழிவுநீர்த் தொட்டி நிரம்பி நீர் திரும்பும்போது, உரிமையாளரோ குடியிருப்பவரோ ஓர் ஆளைக் கூலிக்கு அழைத்து உள்ளே இறக்கும் கொடுமை இன்னும் நடக்கின்றது. இறங்குபவர் யார், எந்தத் தெருவிலிருந்து வருபவர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணம் உயிருக்கு ஈடாகாது. எந்த வீட்டில் குடியிருந்தாலும் இதற்கு இயந்திர வண்டியைத் தவிர வேறெதையும் அழைப்பதில்லை என்பது நம் வீடுதோறும் உறுதியாக வேண்டும்.

கடைசியாக, சற்றுக் கசப்பான ஒன்று. இருபத்தைந்து ஆண்டுகளில் நம்மில் சிலர் முன்னேறியிருக்கின்றோம். பொன்மலை ரயில்வே பணிமனையிலும், திருவெறும்பூர் மிகுமின் நிலையத்திலும், பள்ளிகளிலும் பணியாற்றி, கடன் வாங்கி வீடு கட்டி, மாடியில் ஒரு பகுதியை வாடகைக்கும் விட்டிருக்கின்றோம். நம் குளியலறைகளுக்குச் சாளரம் உண்டா? குடியிருப்பவர் ஒழுக்கைச் சொன்னால் நாம் முகம் சுளிக்கின்றோமா? வெள்ளையடிக்க என்று முன்பணத்தில் பிடிக்கின்றோமா? நேற்று நாம் கேட்ட சொல்லை இன்று நாமே சொல்வோமானால், கழகம் கற்பித்த கல்வி எங்கே போயிற்று?

ஆதலின் வெள்ளி விழா ஆண்டில் மூன்று பணிகளை முன்மொழிகின்றோம். ஒன்று, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழக அறையில் வாடகை ஒப்பந்தம் படித்துச் சொல்லவும் கடிதம் எழுதித் தரவும் கற்ற இளைஞர்கள் அமர வேண்டும். இரண்டு, நம்மிடையே உள்ள கொத்தனார்களும் குழாய்ப் பணியாளர்களும் மழைக்காலத்திற்கு முன், ஆடி ஆவணியில், பிள்ளைகள் உள்ள வீடுகளைப் பார்த்து ஈரத்தின் மூலத்தைக் கண்டு சொல்ல வேண்டும். மூன்று, வாடகைக்கு விடும் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் முதலில் இதைச் செய்து காட்ட வேண்டும்.

அந்தச் சிறுமிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதல் கடிதத்திற்கு வீட்டுக்காரர் சினந்தார். இரண்டாம் கடிதத்தோடு தொட்டிக் கோட்டின் படத்தையும் அனுப்பினோம். வந்து பார்த்தார், சுவரை உடைத்துக் குழாயை மாற்றினார். அடுத்த மார்கழியில் அவள் தவறாமல் பள்ளிக்கு வந்தாள். ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காரர் புதுப்பிக்கவில்லை. குடும்பம் வேறு வீடு தேடியது. ஆனால் முன்பணம் ஒரு காசும் குறையாமல் திரும்பி வந்தது. புதுவீட்டைப் பார்க்கச் சென்றபோது அந்தத் தாய் நேரே குளியலறைக்குப் போய்ச் சாளரத்தைத் திறந்து பார்த்தார் என்று மகள் வந்து சொன்னாள். ஐந்து மாதம் வாய் மூடியிருந்த அந்த அம்மையார், "முதலில் இந்தச் சுவரைச் சரிசெய்யுங்கள், பிறகு முன்பணம் தருகின்றோம்" என்றாராம். நம் மாலைப் பள்ளியில் அவர் ஒரு நாளும் அமர்ந்து படித்ததில்லை. ஆயினும் இந்தக் கழகத்தின் தேர்ச்சிப் பட்டியலில் அவர் பெயரும் எழுதப்பட வேண்டும் என்பது நம் கருத்து.